அந்தப் பேப்பரை வாசல்லயே வாங்கி வெச்சவங்க

கடிதம்:

வணக்கம். எனக்கு திருமங்கலம். பொண்ணுக்கு மினசோட்டா யுனிவர்சிட்டியில எம்.எஸ். சீட் கிடைச்சிருக்கு. ஜார்ஜ் ஃப்ளாய்ட் செத்த ஊராச்சேன்னு பயமா இருக்கு. நிறவெறிக்கு எதிரா நிப்போம், எல்லாரையும் சமமா நடத்துவோம்னு யுனிவர்சிட்டி சொல்லுதே, அதை நம்பலாமா? கறுப்புப் பிள்ளைகளோட ரூம் எடுக்காதன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். எங்க வீட்ல சாதியெல்லாம் பார்க்குறதில்ல. லோன் பத்தியும் எழுதுங்க.

பதில்:

அண்ணே, பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க, நம்ம பக்கத்துப் பிள்ளை அம்புட்டு தூரம் போயி படிக்கப்போகுதுன்னு கேக்கவே சந்தோசமா இருக்கு. லோனுக்கு பேங்க்ல கேளுங்க.

ஆனா அந்த ரூம் விஷயம் என்னண்ணே? நிறவெறின்னா பயம்னு எழுதுறீங்க, அடுத்த வரியிலயே கறுப்புப் பிள்ளையோட தங்காதங்கிறீங்க. செத்தது கறுப்பு மனுசன், கழுத்துல முழங்காலை வெச்சு அமுக்குனது வெள்ளைக்கார போலீஸ், நீங்க உங்க பொண்ணை யாரைப் பார்த்து பயப்படச் சொல்றீங்க?

யுனிவர்சிட்டி கதைக்கு வர்றேன். 2020 மே 25 ஜார்ஜ் ஃப்ளாய்ட் செத்தாரு. மறுநாளே அங்க மாணவர் தலைவியா இருந்த கறுப்பினப் பொண்ணு, 24 மணி நேரத்துல பதில் வேணும்னு நிர்வாகத்துக்கு லெட்டர் போட்டுச்சு. 27ஆம் தேதி அப்போ யுனிவர்சிட்டி தலைவரா இருந்த ஜோன் கேபல் சொல்லிட்டாங்க, இனி ஃபுட்பால் மேட்ச், கச்சேரிக்கெல்லாம் அந்த ஊரு மினியாபொலிஸ் போலீஸைக் காசு குடுத்துக் கூப்பிட மாட்டோம், வெடிகுண்டு தேடுற மோப்ப நாய்கூட அவங்ககிட்ட கேக்க மாட்டோம்னு. மொத்தமா அத்துக்கல, கூட்டு ரோந்து மாதிரி சிலது இருக்கும்னுதான் சொன்னாங்க. ஆனாலும் வருத்தம் தெரிவிச்சு ஒரு மெயில் போட்டதோட விடாம, நடந்துக்கிட்டிருந்த ஒரு ஏற்பாட்டை மாத்துனாங்க பாருங்க, நான் மதிக்கிறது அதைத்தான்.

ஏன்னா நான் படிச்சது மதுரையில ஒரு காலேஜ், பேர் வேணாம். உசிலம்பட்டியிலருந்து பஸ் ஏறி பெரியார்ல எறங்கிப் போவேன். ஆண்டு விழாவுல மேடையில சமத்துவம், சகோதரத்துவம்னு அருமையா பேசுவாங்க. ஸ்காலர்ஷிப் சீசன் வந்தா ஆபீஸ்லருந்து ஒருத்தர் பேப்பரோட கிளாஸுக்குள்ள வருவாரு, பாடம் நிக்கும், "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப்"னு ஆரம்பிச்சு பேரை வாசிப்பாரு, ஒவ்வொருத்தரா எந்திரிக்கணும். என் பேரும் வரும். அறுபது பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. அந்த மனுசன் கெட்டவர்லாம் இல்ல, ஃபார்ம்ல தப்பிருந்தா பக்கத்துல உக்கார வெச்சு திருத்திக் குடுப்பாரு, ஆனா அன்னைக்கு மத்தியானம் என்கூட டிபன் பாக்ஸ் திறக்குறவன் வேற பெஞ்சுக்குப் போயிட்டான். யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல, அதனால புகார்னு என்னத்த எழுத?

பிசிக்ஸ் மேடம் ஒருத்தங்க மட்டும் அவரை வாசல்லயே நிறுத்தி பேப்பரை வாங்கி புக்குக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. இன்டர்வெல்ல எங்களைத் தனித்தனியா கூப்பிட்டு, இந்த தேதிக்குள்ள ஆபீஸுக்குப் போயிட்டு வந்துருப்பான்னு சொன்னாங்க. காலேஜ்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரிஞ்சது அந்த அஞ்சு நிமிசத்துலதான். கிளாஸ்ல பிள்ளைங்க சாதியைச் சொல்லி அறிவிக்கிறதே பாகுபாடுதான்னு காலேஜ்களுக்கெல்லாம் விதி போடுற யுஜிசி 2012ல விதியே போட்டுருக்கு, நம்ம ஊர் ஆபீஸ் எத்தனையில அந்த விதியைப் படிச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்ச வாத்தியாருங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

வீட்ல சாதி பார்க்குறதில்லன்னு எழுதியிருக்கீங்க. சரி. அமெரிக்காவுல பிராண்டைஸ் யுனிவர்சிட்டி 2019லயும், கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி 2022லயும் பாகுபாடு விதியில சாதியைச் சேர்த்தாங்க, அது அங்க எப்படிப் போச்சு? நம்ம ஆளுங்க பெட்டியோட கொண்டு போனதுதான். கறுப்புப் பிள்ளை வேணாம்னு நீங்க குடுத்தனுப்புறதும் அதே பெட்டியிலதான் போகுது.

புகார் குடுத்தா யாரு வாங்குவாங்க, எத்தனை நாள்ல பதில் வரும், குடுத்தவ பேரு வெளிய போகுமா, இதையெல்லாம் யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு இப்பவே கேக்கச் சொல்லுங்க. ரூம்மேட்டை பிள்ளையே தேடிக்கும், நீங்க சொன்னதை இன்னைக்கே வாபஸ் வாங்கிருங்கண்ணே.