அடித்தால் உண்மை வருமா?

கேள்வி இது: "சித்திரவதை தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நாலு தட்டு தட்டினால்தானே திருடன் உண்மையைச் சொல்வான்? வரலாற்றில் அது பயன்பட்டதே இல்லையா? வெடிகுண்டு வைத்தவன் கையில் சிக்கினால் என்ன செய்வது?"

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல். படித்தவர், படிக்காதவர் என்று பேதமில்லாமல் இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். அடித்தால் பேச்சு வரும், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சில் எது மெய், எது பொய் என்று அடிப்பவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் அவர் அடிக்கவே வேண்டியதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. சித்திரவதையைச் சட்டமாகவே எழுதி வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் விசாரணையில் தரும் வதைகளை வகை வகையாகப் பிரித்து, கர்ப்பிணி போன்ற சிலரை வதைக்கக் கூடாது என்கிறார். அதே இடத்தில், ஆணிமாண்டவ்யர் என்ற முனிவர் திருடாமலே, வலிக்குப் பயந்து 'நான்தான் திருடன்' என்று ஒப்புக்கொண்ட கதையையும் சொல்லி எச்சரிக்கிறார். ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன், வதைத்து வாங்கும் வாக்குமூலம் ஆபத்தானது, ஏமாற்றக்கூடியது என்று எழுதினார். உடம்பில் வலு உள்ளவன் எதையும் தாங்கிக்கொண்டு வாய் திறக்க மாட்டான், வலு இல்லாதவன் வலி நிற்பதற்காக என்ன பொய்யும் சொல்வான் என்பது அவர் சொன்ன காரணம். ஆனாலும் ரோமில் அடிமையின் சாட்சியத்தை வதைத்துத்தான் வாங்கினார்கள். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்த பெண்களில் பெரும்பாலோர் 'ஒப்புக்கொண்டவர்கள்'தான். வதைத்து, கூட்டாளிகள் பெயரைக் கேட்டார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொன்னார்கள், அடுத்து அவளைப் பிடித்தார்கள். 1631-இல் பிரீட்ரிக் ஸ்பே என்ற ஜெர்மானியப் பாதிரியார் இதை எதிர்த்து எழுதினார். 1764-இல் இத்தாலியின் பெக்காரியா எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பிரஷ்யா, பிரான்ஸ் போன்ற நாடுகள் சட்டப்படியான வதையைக் கைவிட்டன.

சட்டத்திலிருந்து எடுத்த பிறகும் அது ஏன் போகவில்லை? இதற்கு மிக நல்ல ஆவணம் நம் ஊரைப் பற்றியது: 1855-இல் வந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை.

1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் நிலவரியை அடித்து வசூலிக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பு முதலில் மறுத்தது. பிறகு மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். அதில் ஒருவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற சென்னை வக்கீல். புகார் சொல்லலாம் என்று அறிவித்ததும், சில மாதங்களில் 1,959 புகார்கள் வந்து குவிந்தன. பல நாள் நடந்தே சென்னைக்கு வந்து முறையிட்டவர்களும் உண்டு. கமிஷன் எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பாருங்கள். வெயிலில் நிற்க வைப்பது. சாப்பிடவும் வெளிக்குப் போகவும் விடாமல் தடுப்பது. மாட்டை மேய்ச்சலுக்குப் போகவிடாமல் வீட்டுக்குள் பூட்டி வைப்பது. முழங்காலுக்குப் பின்னால் செங்கல்லை வைத்துக் குந்த வைப்பது. இரண்டு பேர் தலைகளை ஒன்றோடொன்று மோதுவது, குடுமிகளை முடிச்சுப் போடுவது. எருமை வாலில் தலைமுடியைக் கட்டுவது. மிக அதிகமாக வருபவை இரண்டு. ஒன்று கிட்டி: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கோல்களுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: ஒருவரை அவருடைய வேட்டியாலோ வைக்கோல் கயிற்றாலோ கழுத்தையும் கால் விரலையும் சேர்த்து வளைத்துக் கட்டிப் போடுவது. மேலே கல்லை ஏற்றுவதும் உண்டு.

இவ்வளவும் பெரும்பாலும் சில ரூபாய், சில அணா வரிப் பாக்கிக்காக. வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அதே ஆட்கள்தான் காலையில் கிஸ்தி கேட்டு வருவார்கள், மாலையில் திருட்டு விசாரிப்பார்கள். கிஸ்திக்குக் கிட்டி போட்டுப் பழகிய கை, திருட்டுக்கும் அதையே போட்டது. புகார் செய்ய வேண்டுமென்றால் அதே தாசில்தாரைத் தாண்டித்தான் கலெக்டரிடம் போக வேண்டும். கமிஷன் வெள்ளைக்கார அதிகாரிகளைப் பெரும்பாலும் தப்பவிட்டு, பழியைக் கீழ்மட்ட இந்தியச் சிப்பந்திகள் மேல் இறக்கியது. மேலிருந்து வசூல் நெருக்கடி வராமல் கீழே இருப்பவன் ஏன் கிட்டியைத் தூக்கப் போகிறான்? அந்தக் குறை இருந்தாலும், வருவாயையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்று அது சொன்னது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

1872-இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஸ்டீபனிடம், அனுபவம் வாய்ந்த ஓர் அதிகாரி போலீஸ் ஏன் வதைக்கிறது என்பதற்குக் காரணம் சொன்னாராம். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் சுகமாக உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது எளிது என்று. இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. வதைப்பவர் எல்லோரும் கொடூர மனம் படைத்தவர்கள் இல்லை. மேலதிகாரி 'கேஸை முடி' என்கிறார், கையில் துப்பு இல்லை, ஆள் இருக்கிறான். அவ்வளவுதான்.

அதனால்தான் ஸ்டீபன் சட்டத்தில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 25, 26 பிரிவுகள் வந்தன. அடித்து வாங்கினாலும் கோர்ட்டில் பயன்படாது என்றால் அடிக்க மாட்டார்கள் என்பது எண்ணம். ஆனால் 27-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து விட்டது: வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் அது செல்லும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் இந்த மூன்றும் 23-ஆம் பிரிவுக்குள் அப்படியே இருக்கின்றன. இந்தக் கதவு எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கேஸ் கட்டைப் புரட்டும் எந்த வக்கீலும் சொல்வார். எந்த ஊர் ஸ்டேஷனானாலும் வாக்குமூலத்தின் கடைசி வரி ஒன்றுதான்: 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.' கீழே சாட்சியாக வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்து. குறுக்கு விசாரணையில், பொருளைக் கைப்பற்றியதாகச் சொல்லும் அந்த மகஜரை எங்கே எழுதினார்கள் என்று கேட்டால், பல தடவை ஸ்டேஷன் மேஜை என்று தெரியவரும்.

ரிமாண்டையும் சொல்ல வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 'போலீஸ் அடித்தார்களா?' என்று அவர் கேட்க வேண்டும், கேட்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் ஒட்டி நிற்க, ஒரு பையன் 'இல்லைங்க ஐயா' என்று சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவன் உட்கார மாட்டேன் என்றான். உட்கார முடியவில்லை. திரும்ப அதே ஜீப்பில்தான் அவன் ஏற வேண்டும், வேறு என்ன சொல்வான்?

கை உடைந்து மாவுக்கட்டோடு நிற்கும் ஆளின் போட்டோ போட்டு, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதி, அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிகிற காலம் இது. கைதட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆள்தான் செய்தான் என்று யார் சொன்னது? அடித்தவரேதான் சொன்னார். வசதியான வீட்டுப் பையனுக்கு மாவுக்கட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை, காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை பிடித்தது. எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் அடித்தார்கள். அவர் இறந்துபோனார். உடலில் நாற்பதுக்கு மேல் காயங்கள். அடித்ததில் நகை கிடைக்கவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். அங்கே கண்டுபிடிக்க வேண்டிய உண்மை என்று ஒன்றுமே இல்லை. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பதுதான் புகார். ஸ்டேஷன் கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். நடந்ததைத் துணிந்து சாட்சி சொன்னவர் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. அவரைப் போலப் போலீஸில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, வெடிகுண்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் இதுதான் கனமான பகுதி, மழுப்ப மாட்டேன். இதற்கு மிக நெருங்கி வந்த நிஜ வழக்கு 2002-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நடந்தது. 11 வயதுப் பையனைக் கடத்தியவன் பிடிபட்டான். பணத்தை அவன் எடுத்ததைப் போலீஸே பார்த்திருந்தது. பையன் உயிரோடு இருக்கலாம் என்று நினைத்த நகரப் போலீஸ் துணைத் தலைவர் டாஷ்னர், தாங்க முடியாத வலி கொடுப்போம் என்று மிரட்ட உத்தரவிட்டார். அடிக்கவில்லை, மிரட்டல்தான். அவன் இடத்தைச் சொல்லிவிட்டான். போய்ப் பார்த்தால் பையன் இறந்து கிடந்தான், கடத்திய அன்றே கொன்றிருந்தான். மிரட்டல் பலித்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆள் இவன்தான் என்று உறுதியாகத் தெரிந்த, அபூர்வமான அந்த வழக்கிலும் உயிர் மிஞ்சவில்லை. டாஷ்னர் தான் செய்ததை ஒளிக்காமல் கோப்பில் எழுதி வைத்தார். ஜெர்மன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி, மிக லேசான தண்டனையோடு விட்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அப்படி ஒரு நாள் உண்மையாகவே வந்தால், செய்தவர் கூண்டில் ஏறிப் பதில் சொல்லட்டும். அந்த ஒரு நாளுக்காக எல்லா ஸ்டேஷனுக்கும் அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது.

அனுமதி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 2001-இல் பிடிபட்ட அல்-லிபி என்பவரை எகிப்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர், அல்-கைதா ஆட்களுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். அவர்கள் கேட்க விரும்பியது அதுதான். 2003 பிப்ரவரியில் காலின் பவல் ஐ.நா.வில் ஈராக் போருக்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார். போர் நடந்தது. 2004-இல் அல்-லிபி, வதை தாங்காமல் சொன்ன பொய் என்று மறுத்தார். அல்-கைதா ஆள் என்று பிடித்த அபு சுபைதாவை 2002 ஆகஸ்டில் மட்டும் 83 தடவை, முகத்தில் துணி போட்டு நீர் ஊற்றி மூச்சுத் திணற வைத்தார்கள். ஆனால் செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி யார் என்ற தகவலை அதற்கு முன்பே, ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவரிடம் பேசியே எஃப்.பி.ஐ. வாங்கியிருந்தது. சி.ஐ.ஏ. தன் வெற்றி என்று காட்டிய முக்கியமான 20 உதாரணங்களையும் செனட் குழு ஆராய்ந்து, அவை தவறு என்று 2014-இல் சொன்னது.

இதற்கு உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. தூக்கமின்மையும் பயமும் நினைவாற்றலையே குலைக்கும். அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாமில் கடுமையான போலி விசாரணைக்கு ஆளான வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோரால், அரை மணி நேரத்துக்கு மேல் எதிரே நின்று கத்தியவரைக்கூட மறுநாள் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. உண்மையைச் சொல்ல நினைப்பவனுக்கே அது கலங்கிப்போகிறது.

இவ்வளவும் பலன் பற்றிய பேச்சு. வதைத்தால் ஒவ்வொரு தடவையும் உண்மையே வரும் என்று நாளைக்கு யாராவது நிரூபித்தாலும் நான் எதிர்ப்பேன். கட்டிப்போட்ட ஒரு மனிதனின் உடம்பை அவனுக்கே எதிராகத் திருப்புவது அது. சண்டையில் எதிரிக்குக் கையாவது இருக்கும், இங்கே அதுவும் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. தனிச் சட்டமும் இல்லை.

அப்புறம் போலீஸ் எப்படித்தான் விசாரிப்பது என்பீர்கள். இங்கிலாந்தில் அடியும் மிரட்டலுமாக வாங்கிய ஒப்புதலால் பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேர் செய்யாத குற்றத்துக்கு 16 ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். 1991-இல் விடுதலையானார்கள். அது போன்ற வழக்குகளுக்குப் பிறகு அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். பேச்சு முழுவதும் பதிவாகும். முதலில் சந்தேகப்படும் ஆளையே முழுக்கதையும் சொல்ல விடுவார்கள், பிறகு கையில் இருக்கும் ஆதாரத்தை எதிரே வைத்துக் கேட்பார்கள். இதற்கு ஆதாரத்தை முன்கூட்டியே தேடியிருக்க வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. வீட்டில் யாரையாவது விசாரணைக்கு என்று கூட்டிப் போனால், எந்த ஸ்டேஷன், யார் கூட்டிப் போனது, எத்தனை மணிக்கு என்று உடனே எழுதி வையுங்கள். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கும்போது காயத்தைக் காட்டி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், இலவசமாக வக்கீல் தருவார்கள்.