குற்றமும் நட்பும் சூழ

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பெங்களூரில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது மின்னூல் படிக்கிற கிண்டில் கருவி ஒன்று வாங்கித் தந்தான். மூன்று வாரமாய் அதில்தான் படிக்கிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு சின்ன எழுத்து சிரமமாக இருந்தது, இதில் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது. படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். ஆனாலும் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நிறைவு இல்லை. வாசனை இல்லை. பக்க எண்ணுக்குப் பதில் 43% என்று காட்டுகிறது, மார்க் போட்டமாதிரி. எப்போதோ படித்த ஒரு நாவலைத்தான் முதலில் இறக்கினேன். எழுத்துப்பிழைகள் ஏராளம். இருந்தாலும் கதை புரிகிறது, பரவாயில்லை. இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இதையும் அடுக்கலாமா என்று மகள்வழிப் பேத்தி கேட்கிறாள். என் கேள்வி இதுதான்: வீட்டில் நாலு அலமாரி நிறையப் புத்தகம். இனி அவற்றை என்ன செய்வது? யாருக்காவது கொடுத்துவிடலாமா?

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எஸ்.,

முதலில் கண்ணுக்குச் சந்தோஷம். அறுவைக்குப் பிறகு படிப்பையே விட்டுவிட்ட இரண்டு நண்பர்கள் எனக்கு உண்டு, நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மகன் நல்ல காரியம் செய்திருக்கிறார், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

வாசனை விஷயத்தை விட்டுவிடுவோம். எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் யாராவது ஒருவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, படிக்காமல் வைத்துவிட்டுப் போகிறார். பழைய தாள் மட்குகிற வாசனை அது. 43 சதவீதமும் அப்படித்தான், நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும், சிறிதாக்கினால் குறையும், பிறகு அது எந்தப் பக்க எண்ணைச் சொல்லும்? பழகிவிடும். நானும் முதல் மாதம் எச்சிலைத் தொட்டுத் திரையைத் திருப்பியவன்தான்.

எனக்கு அந்தத் திரையே பிடித்திருக்கிறது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாய் மைத்துகள்கள், பக்கம் மாறும்போது மட்டும் கொஞ்சம் மின்சாரம், அப்புறம் துகள்கள் அப்படியே நின்றுவிடும். அடுத்த பக்கத்துக்கு அதே துகள்களைக் கலைத்து மறுபடி அடுக்குகிறது. அச்சாபீஸில் கம்பாஸிட்டர் செய்ததும் இதுதானே, எழுத்தைக் கோத்து, அடித்து முடித்ததும் கலைத்து, பெட்டியில் போட்டு, மறுபடி கோக்கிற வேலை.

இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த வரி ஒன்று இருக்கிறது. ‘எழுத்துப்பிழைகள் ஏராளம். இருந்தாலும் கதை புரிகிறது, பரவாயில்லை.’ ஐயா, நீங்கள் தமிழாசிரியர். வகுப்பில் ஒரு பையன் ‘மணம்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘மனம்’ என்று எழுதினால் புரிகிறது பரவாயில்லை என்று மார்க் போட்டிருப்பீர்களா? சிவப்பு மையால் சுழித்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்துக்கு மட்டும் என்ன சலுகை?

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று என் பழைய கதைத் தொகுதி ஒன்றின் மின்கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார்கள், ‘சும்மா ஒரு தடவை பார்த்துடுங்க சார்’ என்று. முதல் கதையின் முதல் வரியிலேயே தாமிரபரணி ‘தாமிாபாணி’ ஆகியிருந்தது. நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம் வேறு, ஆற்றில் சுழல் மாதிரி. ரகரத்தையெல்லாம் துணைக்காலாகவும் காலையெல்லாம் ரகரமாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறது அந்த மென்பொருள். காலம் கரலமாகிவிட்டது. யார் அனுப்பியது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓலையில் எழுதின காலத்தில் இதே பிரச்சினைதான். ஏட்டில் ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் எல்லாம் ஒன்றுதான். நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர்தான் அந்தக் குறில் நெடிலைப் பிரித்துக் காட்ட வழிசெய்தவர் என்று நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி உ.வே.சா. திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அலைந்து, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, 1889இல் பதிப்பித்தார். இது காலா ரகரமா என்று ஒரு மனிதர் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்த கேள்வியை, இத்தனை வருஷம் கழித்து ஒரு மென்பொருள் யோசிக்காமல் தாண்டிப்போகிறது, நாம் பரவாயில்லை என்கிறோம்.

எனக்கு மெய்ப்புப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அண்ணாச்சி. 1974, எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. டவுனில் கீழரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் அந்த அச்சகம், ஒரு டிரெடில் மிஷின், இரண்டு கம்பாஸிட்டர், எழுத்துக் கழுவுகிற மண்ணெண்ணெய் நாற்றம். (புத்தக வாசனை என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த மண்ணெண்ணெய்தான் மூக்கில் ஏறும்.) அண்ணாச்சி புரூஃப் பார்ப்பார், நான் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சும்மா வாசித்தால் போதாது. மூணு சுழி, ரெண்டு சுழி, கமா, புள்ளி, பத்தி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஏதோ மர்மக் கதை ஃபாரம், கொலை நடக்கிற இடத்தில் நான் சுழி சொல்லாமல் வேகமாக ஓடிவிட்டேன். பென்சிலால் மண்டையில் ஒரு தட்டு. “ஏலே, நீ கத படிக்காத. எழுத்தப் படி. கத வேணும்னா வீட்ல போய்ப் படிச்சுக்கிடலாம்.”

சாயங்காலம் ஒரு டீயும் ஆமவடையும் வாங்கித் தருவார். அதுதான் சம்பளம்.

அந்த லீவிலேயே அது நடந்தது. வைகாசி முகூர்த்தம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. எல்லாப் பத்திரிகையும் ஒன்றுபோலத்தானே இருக்கும், பெயரும் தேதியும் மட்டும் மாறும், மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூலத்தைப் பார்க்காமலே ‘சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து’ என்று கடகடவென்று ஒப்பித்தேன். சுழி கிழி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சியும் அன்றைக்கு அசதியில் தலையாட்டிவிட்டார். 300 பத்திரிகை அடித்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். ‘குற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க’ என்று இருந்தது. சகரப் பெட்டியில் ஓர் எழுத்து மாறி விழுந்திருந்தது, அவ்வளவுதான். “எங்க சொக்காரன்மாரப் பத்தி உமக்கு யாருவே சொன்னது?” என்று அவர் பங்காளிகளைச் சொல்லிக் கேட்டதும் கம்பாஸிட்டர் சிரித்துவிட்டார், அது இன்னும் வம்பாகிவிட்டது.

முதலாளி மறுபடி அடித்துக்கொடுத்தார். தாள் காசை அண்ணாச்சியின் சம்பளத்தில் வாரா வாரம் பிடித்தார். வாசித்தது நான் என்று அண்ணாச்சி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப்பற்றிப் பேசியதில்லை. மறுநாள் வழக்கம்போல் முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “ம், வாசி” என்றார். ஆமவடை மட்டும் இரண்டு வாரம் கிடையாது. இரண்டு வாரம் கழித்து வடை வந்தபோது எனக்கு அழுகை வந்தது, எதற்கு அழுதேன் என்று வீட்டில் சொல்லவும் முடியவில்லை.

மின்னூலில் வேலை செய்கிறவர்களில் அண்ணாச்சிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பைசா வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள், யார் தட்டச்சு செய்தார் யார் மெய்ப்புப் பார்த்தார் என்று முகப்பிலேயே பெயர் இருக்கும். அங்கேயும் பிழை இருக்கலாம், ஆனால் பிழைக்குப் பொறுப்பாக ஒரு பெயர் இருக்கிறது. கிண்டிலுக்குத் தமிழ் வந்தது 2016 டிசம்பரில். அதற்கப்புறம் விற்பனைக்கு வருகிற எத்தனை மின்னூலில் மெய்ப்புப் பார்த்தவர் பெயரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? இத்தனைக்கும் மின்னூலில் திருத்துவது சுலபம். அச்சில் பிழை போனால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும், நம் ஊரில் அடுத்த பதிப்பு வருவதற்குள் எழுத்தாளரே போய்ச் சேர்ந்துவிடுவார். இதில் இன்றைக்குத் திருத்தி ஏற்றினால் முடிந்தது. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

பேத்தியின் கேள்விக்கு: தாராளமாக அடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பூஜை முடிந்ததும் திறந்து படிக்கவும் வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் வரகுணபாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகளைத் தேடி உ.வே.சா. போனபோது, சிதைந்த ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்றார்களாம். குப்பையில் வீசினால் பாவம் என்று நினைத்திருக்கிறார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள்.

அலமாரியைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கொடுப்பதானால் ஊர் நூலகத்தில் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள், மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வராதீர்கள். ஆனால் இப்போது வேண்டாம். அந்த நாவலின் பழைய பதிப்பு உங்கள் அலமாரியில் எங்கேயோ இருக்கத்தானே செய்யும்? தேடி எடுங்கள். பேத்தி அதை வைத்துச் சத்தமாக வாசிக்கட்டும், மூணு சுழி ரெண்டு சுழி எல்லாம் சொல்லித்தான். நீங்கள் கிண்டிலில் பார்த்துக்கொண்டே வாருங்கள், தப்பு இருக்கிற இடத்தில் விரலை அழுத்தி இழுத்தால் அடையாளம் விழும். முதல் அத்தியாயம் முடிந்ததும் பட்டியலைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு எனக்கு ஒரு பிரதி போடுங்கள். பேத்திக்கு ஆமவடை பிடிக்குமா என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சந்திப்பிழை இருந்தது. திருத்தித்தான் மேலே போட்டிருக்கிறேன்.