முதுகுத்தண்டு வளைவு: நுண்துளை அறுவை சிகிச்சை என் மகளுக்குப் பொருந்துமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சட்டைக்கு அளவெடுத்த டெய்லர்தான் ஒரு தோள் ஏறியிருப்பதை முதலில் கவனித்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு வலப்பக்கம் 52 டிகிரி வளைந்திருக்கிறது. ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் சிறு துளைகள் வழியாகவே செய்யலாம், எலும்புகளை இணைக்காமல் கயிறு கட்டி நிமிர்த்தலாம் என்று யூடியூபில் பார்த்தோம். அது அவளுக்குச் சரிவருமா? பரதநாட்டியத்தைத் தொடர முடியுமா? பிற்காலத்தில் பிரசவத்துக்குச் சிக்கல் வருமா? அவளுக்கு 10 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கும் வருமா?

பதில்: நீங்கள் பார்த்த வீடியோக்களில் 'நுண்துளை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு அறுவை சிகிச்சைகள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, கயிறு கட்டும் முறை. விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகள் போட்டு, கேமரா உதவியுடன், வளைவின் புடைத்த பக்கத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஒரு ஸ்க்ரூ பொருத்துவார்கள். அவற்றை ஒரு பலமான செயற்கை இழைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். கட்டிய பக்கம் மெதுவாக வளரும், குழிந்த பக்கம் தன் போக்கில் வளரும். ஆகவே மிச்ச வளைவை நிமிர்த்துவது குழந்தையின் வளர்ச்சிதான். மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு 2019 ஆகஸ்டில் அனுமதி தந்தது. அதுவும் குறைவான நோயாளிகளுக்கே தேவைப்படும் சாதனங்களுக்கான தனிப் பிரிவில், எலும்பு வளர்ச்சி முடியாத, 30 முதல் 65 டிகிரி வளைவுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்.

52 டிகிரி அந்த வரம்புக்குள்தானே என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் டிகிரியில் இல்லை, வளர்ச்சியில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் காலம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே வந்து போய்விடும். அதன் பிறகு சுமார் இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் மகளுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இடுப்பு எலும்பின் மேல்விளிம்பைப் பார்த்துச் சொல்லும் ரிஸ்ஸர் அளவையும், இடது கை எக்ஸ்ரே காட்டும் எலும்பு வயதையும் டாக்டரிடம் கேளுங்கள். ரிஸ்ஸர் 3, 4 என்று இருந்தால், அதாவது வளர்ச்சி முடியும் தறுவாயில் இருந்தால், கயிற்று முறையை மறந்துவிடலாம். வளர்ச்சி மிச்சமுள்ள பிள்ளைகளுக்குக்கூட இதை நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். கயிறு அறுந்துபோவதும், சின்ன வயதில் கட்டினால் முதுகு எதிர்ப்பக்கம் வளைந்துவிடுவதும் நடக்கின்றன. இரண்டாவது அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு, உங்கள் டாக்டர் சொன்ன, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒட்டவைக்கும் இணைப்பு முறையைவிட இதில் கூடுதல். துளை சிறியது என்றாலும் வழி நெஞ்சுக்கூடு வழியாகப் போகிறது. ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று, உங்கள் டாக்டர் சொன்ன அதே இணைப்பு அறுவை சிகிச்சையைச் சிறு கீறல்கள் வழியாகச் செய்வது. முதுகின் நடுவே ஒரே நீளக் கீறலுக்குப் பதிலாக இரண்டு மூன்று சிறிய கீறல்கள். தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்காமல், தசை நார்களை விலக்கி ஸ்க்ரூ போடுவார்கள், கம்பியைத் தசைக்கு அடியில் நுழைப்பார்கள். இரத்த இழப்பு குறையும், தழும்பு சிறிது. ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எலும்பை நேரில் பார்க்காமல் எக்ஸ்ரே திரையைப் பார்த்து வேலை செய்வதால் கதிர்வீச்சும் கூடலாம்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கம்பியும் ஸ்க்ரூவும் முதுகைப் பிடித்துவைக்கும் தற்காலிக ஏற்பாடுதான். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக ஆனால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதற்குப் பின்பக்க மூட்டுகளைச் சுரண்டி, எலும்புத் துகள் வைக்க வேண்டும். சிறு கீறல் வழியாக இதைப் போதுமான அளவு செய்வது கடினம். சரியாக ஒட்டாவிட்டால் சில ஆண்டுகள் கழித்துக் கம்பி உடையலாம். முதுகு வலியுள்ள பெரியவர்களுக்கு நுண்துளை முறையால் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஆரோக்கியமான 14 வயதுப் பிள்ளைக்கு, திறந்த முறையிலும் தசை நன்றாகவே தேறிவிடும். அதனால் வளைந்து கொடுக்கும், மிதமான வளைவாக இருந்து, டாக்டருக்கு இதில் நல்ல பழக்கமும் இருந்தால் யோசிக்கலாம். தழும்புக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கீறலின் நீளத்தைவிட முக்கியமாக நான் கேட்பது இரண்டு. அறுவை சிகிச்சை நடக்கும்போது தண்டுவட நரம்புகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் இருப்பார்களா? இந்த வயதில் நரம்புப் பாதிப்புக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான். கண்காணிப்பு இருந்தால் நரம்பு சிக்னல் குறையும்போதே தெரியும், உடனே திருத்திக்கொள்ளலாம். இது இல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். அடுத்து, இணைப்பு கீழே எந்த எலும்பில் நிற்கப்போகிறது? நடனத்துக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு இயல்பாகவே அதிகம் அசையாது. நாம் குனிவதும் நிமிர்வதும் பெரும்பாலும் கீழ் முதுகிலும் இடுப்பு மூட்டிலும்தான். அரைமண்டிக்கு வேண்டியதெல்லாம் இடுப்பும் முழங்காலும். இணைப்பு கீழ் முதுகின் மேல்பக்கத்திலேயே நின்றுவிட்டால், அவள் ஆடுவதில் உங்கள் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உடலைப் பக்கவாட்டில் வளைப்பது மட்டும் கொஞ்சம் குறையும். பள்ளிக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் போகலாம். நடனத்தை டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகு, பொதுவாக ஆறு மாதம் வாக்கில், மெல்லத் தொடங்கலாம்.

பிரசவம் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் கருத்தரிக்கிறார்கள், சுகப்பிரசவமும் ஆகிறது. இணைப்பு கீழ் முதுகு வரை போயிருந்தால் முதுகில் மயக்க ஊசி போடுவது சிரமமாகலாம். அப்போது எக்ஸ்ரேயை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே காட்டினால் போதும்.

செய்யாமலே விட்டால்? 50 டிகிரியைத் தாண்டிய நெஞ்சு வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகும். நாற்பது வயதில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதேசமயம் ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தால் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரும். எனவே நாளைக்கே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. இரண்டாவது கருத்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அளவில் பிரேஸ் (உடம்பைச் சுற்றி இறுக்கமாக அணியும் கவசம்), யோகா, எண்ணெய் தடவுதல் எதுவும் வளைவை நிமிர்த்தாது. நடனமோ, கனமான புத்தகப் பையோ இதற்குக் காரணமும் இல்லை.

தங்கையைப் பொறுத்தவரை, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் அவள் விஷயத்தில் நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். ஒரு நாளில் 13 மணி நேரம் அல்லது அதற்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பித்தார்கள். 20 டிகிரியைத் தாண்டும்போதே கண்டுபிடித்தால்தான் இது நடக்கும். வளர்ந்து முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மற்றதைவிட மேடாகத் தெரிந்தால், நிற்கவைத்து ஒரு முழு முதுகு எக்ஸ்ரே எடுங்கள்.