டயர் மாற்றினால் அலாய் வீலில் கீறல் விழுந்தே தீருமா?

கேள்வி: என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 காருக்கு 225/40 ஆர்18 டயர் மாற்றினேன். இரண்டு வீல்களில் விளிம்பு முழுக்கக் கீறல். “லோ புரொஃபைல்னா அப்படித்தான் சார்” என்கிறார்கள். உண்மையா? – வாசகர், கோவை

பதில்: பாதி உண்மை. 225 மி.மீ. அகலத்தில் 40 சதவீதம் என்றால் உங்கள் டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ. உயரம்தான். இப்படிக் குட்டையான சுவர் உள்ளதுதான் லோ புரொஃபைல் டயர். அந்தச் சுவர் சுலபத்தில் வளையாது. அதை வளைக்கப் போடும் பலம் முழுவதும் ரிம் விளிம்பில் இறங்கும். வேலை கஷ்டம், சரி. ஆனால், கீறல் விழுவது இரும்பு அலாயைத் தொடும்போது மட்டும்தான். தொடாமல் வேலை முடிக்க வழி இருக்கிறது.

கீறலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக ஓடினால், அது டயர் மாற்றும் மெஷினின் டக் ஹெட் (ரிம்மைத் தாண்டி டயரை ஏற்றி இறக்கும் வாத்து மூக்கு போன்ற பகுதி) செய்த வேலை. அதன் அடியில் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். ரிம்முக்கும் அதற்கும் 2-3 மி.மீ. இடைவெளியும் வேண்டும். உறை இருந்தும் கீறினால், முந்தைய வேலையில் உதிர்ந்த உலோகத் துணுக்கு அதில் பதிந்திருக்கும். விரலால் தடவினாலே நெருடும். உறையை மாற்றச் சொல்லுங்கள், விலை அதிகமில்லை.

அங்கங்கே பிறை வடிவில் வெட்டு இருந்தால், டயரை நெம்பும் இரும்பு லீவர் செய்த வேலை. இதற்கு மூல காரணம் பெரும்பாலும் அவசரம். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. டயரின் பீட் (ரிம்மில் உட்காரும் உள்விளிம்பு) ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் விளிம்பைத் தாண்ட இடம் கிடைக்கும். பள்ளத்தில் அழுத்திப் பிடிக்காமல் லீவரை மட்டும் நம்பினால் அலாயும் கீறும், பீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பியும் சேதமாகும். மெஷினில் அழுத்திப் பிடிக்கும் உதவிக் கை இருக்கிற கடையாகத் தேடுங்கள். வீலைப் பிடித்துச் சுற்றும் டர்ன்டேபிளின் தாடைகளுக்கும் பிளாஸ்டிக் உறை கேளுங்கள். நடு ஓட்டையில் பிடிக்கிற மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது, விளிம்பைத் தாடை தொடவே தொடாது.

கேள்வி: பீட் வழுக்க கிரீஸ் தடவுகிறார்கள். சரியா? – வாசகர், திருச்சி

பதில்: கூடவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். அது காயாமல் தங்குவதால், பலமாக பிரேக் பிடிக்கும்போது ரிம் மேல் டயர் நழுவிச் சுற்றும், பேலன்ஸிங் போய்விடும். டயர் மாட்டுவதற்கென்றே இருக்கும் டயர் பேஸ்ட்தான் வேண்டும். இரண்டு பீட்டிலும், ரிம் விளிம்பிலும் தாராளமாகத் தடவட்டும். பீட் உட்காரக் காற்று அடிக்கும்போது 40 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி முயல வேண்டும். வால்வில் காற்றழுத்த சென்சார் இருக்கும் வீல் என்றால், பழைய டயரைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து அழுத்திப் பிரிக்கும் பீட் பிரேக்கரை வால்வு பக்கம் வைத்தால் சென்சார் உடையும்.

கேள்வி: டயர் நன்றாக மாட்டினார்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றித்தான் பெயின்ட் போயிருக்கிறது. – வாசகர், மதுரை

பதில்: இம்பாக்ட் கன்னில் போட்ட வெறும் சாக்கெட் உரசியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையுள்ள மெல்லிய சாக்கெட் கிடைக்கிறது. ஒன்று வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். முதலில் கையால் முடுக்கி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். அளவு காருக்குக் கார் மாறும்; ஆர்எஸ் 245-க்கு 120 நியூட்டன் மீட்டர்.

பேலன்ஸிங் எடையும் கவனியுங்கள். விளிம்பில் கொக்கி போல அடிக்கும் ஈயத்துண்டு வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் வகையைக் கேளுங்கள்.

கேள்வி: டைமண்ட் கட் அலாயில் விழுந்த கீறலை டச்-அப் பெயின்ட் மறைக்குமா? – வாசகர், சேலம்

பதில்: மறைக்காது. அங்கே தெரிவது லேத்தில் கடைந்த வெறும் அலுமினியம், மேலே கிளியர் கோட் மட்டும். கோட் கிழிந்தால் ஈரம் உள்ளே புகுந்து, புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் பரவும். திரும்பக் கடைந்து புதிய கோட் அடிப்பதுதான் வழி. ஒவ்வொரு முறையும் உலோகம் தேய்வதால், இதைச் சில தடவைக்கு மேல் செய்ய முடியாது.