திருத்திக் கொடுத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஜூனியர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் வழிகாட்டி வருகிறேன். பல்கலைக்கழகத் தேர்விலிருந்து விசா வரை எல்லாம் பார்த்துக்கொடுப்பேன். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரைகளை, அதாவது எஸ்.ஓ.பி.க்களை, முப்பதுக்கும் மேல் திருத்தியிருக்கிறேன். பலவற்றை ஏறக்குறைய முழுதாகவே மாற்றி எழுதிவிடுவேன். இடம் கிடைத்ததும் பலர் நன்றிகூடச் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். நீயே வெளிநாடு போனதில்லை, உனக்கு என்ன தகுதி என்றும் சிலர் கேட்கிறார்கள். போன வருட ஆரம்பத்தில் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதியும், இவர்கள் வேலையில் நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இனி இதற்குக் கட்டணம் வாங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நன்றி சொல்லாததை விட்டுத்தள்ளுங்கள். இடம் கிடைத்த மறுநாளே கடன், விசா, வீடு என்று தலைக்குமேல் வேலை வந்துவிடும். யாரும் உங்களை அவமதிக்கவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தகுதி பற்றிய கேள்வியும் வீண். போய்வந்தவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? ஜெர்மனிக்குப் போகும் மாணவர் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டுமே பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டவேண்டிய தொகை 11,208 யூரோவாக இருந்தது. 2024 செப்டம்பரில் அது 11,904 ஆனது. அதற்கு முன் போன சீனியர் பழைய எண்ணைத்தான் அடித்துச் சொல்வார். தூதரகத்தின் பக்கத்தைத் திறந்து 'நீயே படி' என்று சொல்கிறவர் வெளிநாடு போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

என்னை உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. 'முழுதாகவே மாற்றி எழுதிவிடுவேன்.' இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில்.

சில காலம் ஓர் உதவித்தொகைக்கான தேர்வுக் குழுவில் இருந்தேன். கட்டுக்கட்டாகக் கோப்புகள் வரும். எல்லோருக்கும் 'சிறுவயது முதலே' ஏதாவது ஒன்றின்மேல் தீராத ஆர்வம். எல்லோரும் 'உலகத்தரம் வாய்ந்த ஆய்வகத்தை' நாடிப்போகிறார்கள். ஒருமுறை நேர்காணலுக்கு ஒரு பையன் வந்தான். அவனுடைய எஸ்.ஓ.பி. வழவழவென்று இருந்தது, பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அதில் இருந்த ஒரு பெரிய சொல்லைக் காட்டி, இதை எந்த அர்த்தத்தில் எழுதினாய் என்று என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பையன் தாளைக் கையில் வாங்கி, முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்தான். காதுகள் சிவந்துவிட்டன.

அவன்மேல் இரக்கப்பட்டு நான் அவனுடைய ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டான். வெப்பநிலை அளக்கும் சென்சார் ஒன்று தினமும் மாலையில் மட்டும் தப்பாகக் காட்டியதாம். நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம், கம்பிகளை மாற்றினானாம். கடைசியில் பார்த்தால், மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் கருவிமேல் நேராக விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஓர் அட்டையை மறைப்பாக வைத்ததும் சரியாகிவிட்டது. கருவியை நம்புவதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாகச் சொன்னான். இதை ஏனப்பா எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதியிருந்தேன் சார். சின்ன விஷயமா இருக்குன்னு சீனியர் எடுத்துட்டாங்க."

அந்த வருடம் அவனுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. அந்தச் சீனியர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், உங்களைப்போல.

நல்ல மனது இருந்தால் போதாது ஐயா! ஒருவனுடைய ஒரே சொத்தை வெட்டியெடுத்துவிட்டு, முப்பது பேருக்கும் பொருந்துகிற பத்தியை அந்த இடத்தில் ஒட்டுவதற்குப் பெயர் உதவியா? மொழி நன்றாக எழுத வருகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. அடுத்தவனுடைய தடுமாற்றமான வாக்கியத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. திருத்தத் திருத்த அது உங்கள் வாக்கியமாகிவிடும். முப்பது கோப்புகளிலும் நீங்கள் ஒருவரே உட்கார்ந்திருப்பீர்கள். இதில் சிபாரிசுக் கடிதம் வேறு. பேராசிரியர் 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார், மாணவன் நேராக உங்களிடம்தான் வருவான். கடைசியில் மாணவனும் இரண்டு பேராசிரியர்களும் ஒரே நடையில் எழுதியிருப்பார்கள். படிக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை.

2007-இல் பிரிட்டனில் விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு, மாணவர்கள் எழுதிய 50,000 கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியோடு சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை 234 கட்டுரைகளில் இருந்தது. யாரோ ஒரு குழந்தைக்கு அது உண்மையிலேயே நடந்திருக்கலாம். மற்ற பைஜாமாக்கள் எல்லாம் இரவல். அதே யூகாஸ், 2026 சேர்க்கையிலிருந்து நீளமான ஒற்றைக் கட்டுரையைக் கைவிட்டு மூன்று நேரான கேள்விகளுக்கு மாறிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? எழுதியவனை எதிரில் உட்காரவைத்து, அவன் எழுதியதை அவனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே அவன் குரல் மந்திரம் ஓதுவதுபோல ஆகிறதோ, அங்கே நிறுத்தி "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்வதையே எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் அடிக்கோடு போடுங்கள், சரியானதை எழுதிக்கொடுக்க வேண்டாம். பேனாவை நீங்கள் எடுக்கவே கூடாது. ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் ஆகும்தான், ஆகட்டும். அமெரிக்க விசா நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்' என்று கேட்கும்போது நீங்கள் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. சொந்தமாக எழுதி அடித்து எழுதியவனுக்கு அந்தப் பதில் மனப்பாடம் செய்யாமலே வாயில் இருக்கும்.

இன்னொன்று. விமானம் ஏறியதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். நார்வேயைச் சேர்ந்த லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போன தன் நாட்டவர்களைப் பற்றி 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை அங்கே இருந்தவர்கள்தான் மற்றவர்களைவிடச் சிரமப்பட்டிருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை, முதல் வாரங்களே மிகக் கடினம் என்று காட்டியவர்களும் உண்டு. எதுவானாலும் கஷ்டம் போய்ச் சேர்ந்தபிறகுதான். குழுவை விட்டுப் போனவர்களில் நாலைந்து பேருக்கு இன்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். நன்றியை எதிர்பார்க்காமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள்.

கட்டணம் கேட்டிருந்தீர்கள் இல்லையா, வாங்காதீர்கள். காசு கொடுத்தவன் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான், முடித்துக் கையில் கொடு என்பான். நீங்களும் கொடுத்துவிடுவீர்கள்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணை இரண்டு வருடத்துக்குமேல் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. நீங்கள் எழுதியது போன வருட ஆரம்பத்தில். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். ஜூனியர்கள் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

அன்புடன்.