ஏ40 ஏன் கொதிக்குது? வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பான்ர காலத்து 1956 ஒஸ்ரின் ஏ40 கேம்பிறிட்ஜ் ஒண்டு இன்னும் ஓடுது. ரவுணுக்குள்ள ஓடினா ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனா ஏ9 ரோட்டில கிளிநொச்சிப் பக்கம் போனா ஆனையிறவு தாண்டுறதுக்குள்ள புகை கக்கத் தொடங்குது. ஃபான் பெல்ற் மாத்தியாச்சு, ரேடியேற்றர் மூடி புதுசு, கராச்சில தேமோஸ்ரற்றையும் (எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியை மறிக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சு போட்டினம், அப்பவும் அதே கதைதான். இழுவையும் முந்தின மாதிரி இல்லை. கிணத்துத் தண்ணிதான் விடுறனாங்கள். இப்ப ஹெட் (எஞ்சினின்ர மேல் பாகம்) கழட்டவேணும் எண்டு சொல்லுகினம், கழட்டவோ?
வாசகர் ஒருவர், மானிப்பாய்

பதில்: கழட்டாதேங்கோ தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. விடையில அரைவாசி நீங்களே எழுதிப்போட்டியள். ரவுணுக்குள்ள ஊரேக்க ரேடியேற்றருக்குக் காத்தை இழுத்துக் குடுக்கிறது ஃபான், ஆனா நீங்கள் 60, 70இல போகேக்க காத்துத் தானா அடிக்குது, அந்த வேகத்தில ஃபான் இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான். அப்ப ஊரேக்க சும்மா இருந்து ஓடேக்க கொதிக்குது எண்டா ஃபானில பிழை தேடிப் பிரயோசனம் இல்லை, எஞ்சின் கூடச் சூட்டை உண்டாக்குது, இல்லாட்டி அந்தச் சூட்டைக் கொண்டுபோற தண்ணி ஒழுங்கா ஓடேல்லை, இல்லாட்டி ரெண்டும். உங்கட காருக்கு ரெண்டும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

முதல் தண்ணியைப் பாப்பம். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, அதுக்குள்ள இருந்து வாற கிணத்துத் தண்ணி என்ன செய்யும் எண்டதுக்கு வீட்டில தேத்தண்ணிக்குச் சுடவைக்கிற கேற்றிலைத் திறந்து பாத்தாக் காணும், அந்த வெள்ளைப் படை அப்பிடியே உங்கட எஞ்சின் புளொக்குக்குள்ளயும் ரேடியேற்றர் குழாய்க்குள்ளயும் பிடிச்சிருக்கு. படை பிடிச்சா இரும்பில இருந்து தண்ணிக்குச் சூடு போகாது, மெல்லிசான குழாயெல்லாம் அடைபட்டுப் போகும். கொதிச்சு ஆவியாப் போகப்போக நீங்கள் திரும்பவும் கிணத்துத் தண்ணியையே விடுறியள், ஆவி போகும் ஆனா சுண்ணாம்பு போகாது, அது உள்ளுக்கேயே சேரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிசின் ஒண்டும் வேண்டாம். காரை நல்லா ஓடிச் சூடாக்கிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டின பிறகு ரேடியேற்றரின்ர முகத்தில மேலயிருந்து கீழ வரைக்கும் கையால தடவிப் பாருங்கோ, கவனம், மேல் பக்கம் சரியாச் சுடும். இடையில எங்கயாவது பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்த இடம் இருந்தா அந்த இடத்துக் குழாய் அடைச்சுப்போச்சு. ரெம்பறேச்சர் பாக்கிற துவக்கு மாதிரிச் சாமான் வைச்சிருக்கிறவை அதாலயும் பாக்கலாம், ஆனா மினுங்கிற பித்தளையில அது பிழையான கணக்குக் காட்டும், கறுப்பு அடிச்ச இடத்தில பிடியுங்கோ. இன்னொண்டு, எஞ்சின் ஆறினாப் பிறகு முழுத் தண்ணியையும் இறக்கிப்போட்டுத் திரும்ப விடேக்க எத்தினை லீற்றர் போகுது எண்டு அளந்து காரின்ர புத்தகத்தில உள்ள அளவோட வைச்சுப் பாருங்கோ, நல்லாக் குறையுது எண்டா மிச்ச இடத்தில ஊத்தை குடியிருக்குது. தண்ணி இறக்கிறது எண்டு சொல்லி ரேடியேற்றர் ரப்பை மட்டும் திறந்திட்டு விடுறதுதான் எங்கட ஆக்களின்ர பழக்கம், எஞ்சின் புளொக்கிலயும் பின் பக்கமா ஒரு ரப் இருக்கு, கறள் சேறு முழுக்க அங்கதான் போய் இருக்கும், அதைத் திறந்தாலும் தண்ணி வராது, கம்பி விட்டுக் கிண்டினாத்தான் வரும்.

ஊத்தை எடுக்க சிற்றிக் அசிட் காணும். லீற்றருக்கு 50 கிராம் மாதிரிக் கரைச்சு விட்டு, எஞ்சினைச் சூடாக்கி ஒரு அரை மணித்தியாலம் ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்குங்கோ. நிறம் மாறி வரும், தேவை எண்டாத் திரும்பச் செய்யுங்கோ, ஆனா இரா முழுக்க உள்ளுக்கு விட்டு வைக்காதேங்கோ. பேந்து கொஞ்சம் அப்பச்சோடா கரைச்ச தண்ணியால ஒருக்காக் கழுவி, நல்ல தண்ணியால ரெண்டு தரம் அலம்புங்கோ. முதலே சொல்லிப்போடுறன், சில பழைய ரேடியேற்றர்களில ஓட்டையை அடைச்சு வைச்சிருக்கிறதே அந்தப் படைதான், அது போனா ஒழுகத் தொடங்கும். ஒழுகினா ரேடியேற்றர் வேலை செய்யிற இடத்தில குடுத்து மேல் தாங்கியைக் கழட்டிக் குழாய்களுக்குள்ள கம்பி விட்டு எடுப்பியுங்கோ, அதுக்கும் சரிவராட்டி புதுக் கோர் (நடுவில உள்ள குழாய்க் கூடு) போடவேண்டியதுதான்.

கழுவினாப் பிறகு கிணத்துத் தண்ணியை மறந்திடுங்கோ. மாரி மழைத்தண்ணியைச் சுத்தமாப் பிடிச்சு வைக்கலாம், இல்லாட்டி பற்றிக்கு விடுற தண்ணி வாங்கலாம், அதோட மூண்டில ஒரு பங்கு கூலன்ற். யாழ்ப்பாணத்தில ஐஸ் கட்டுதோ கூலன்ற் விட எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், இஞ்ச அது ஐசுக்கு இல்லை, கறளுக்கு.

கீழ் ஹோசையும் ஒருக்காப் பாருங்கோ. அதுதான் தண்ணிப் பம் உறிஞ்சிற பக்கம், பழசாகி இளகின ஹோஸ் எஞ்சினை ரேஸ் பண்ணேக்க உறிஞ்சுப்பட்டுத் தட்டையாப் போகும், மெதுவா ஓடேக்க ஒண்டும் தெரியாது. ஒராள் அக்சிலேற்றரை மிதிக்க நீங்கள் பொனற்றைத் திறந்து பாருங்கோ, ஃபானுக்குக் கிட்டக் கை கொண்டு போகாமல்.

அடுத்தது இழுவை. இதைத்தான் கராச்சில ஒருத்தரும் காதில போடேல்லைப் போல. ஸ்பார்க் பிந்தி விழுந்தா பெற்றோல் எரியிறதும் பிந்தும், அந்தச் சூடு சில்லைச் சுத்தாமல் எக்ஸோஸ் பக்கத்தையும் அதைச் சுத்தியிருக்கிற தண்ணியையும் சூடாக்கும், கார் மந்தமாவும் இருக்கும் கொதிக்கவும் செய்யும். எங்கட இடத்து ஏ40க்கு இதில ஒரு தனிக் கதையும் இருக்கு. 90களில பெற்றோல் வராத காலத்தில ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்யில ஓடின கார் இதுகள். மண்ணெண்ணெய் எஞ்சினில தட்டும், அந்தத் தட்டலை நிப்பாட்ட ரைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழுற நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைச்சவை, சில ஆக்கள் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில இருக்கிற காஸ்கற்றையும் தடிப்பாப் போட்டவை. பேந்து பெற்றோல் வந்தது, ஆனா எல்லாரும் திரும்ப எடுத்து வைக்கேல்லை. உங்கட காரும் அந்தக் காலத்தில ஓடினது எண்டா அப்பாட்டக் கேட்டுப் பாருங்கோ. பிளக்கின்ரயும் பொயின்ற்றின்ரயும் இடைவெளியைச் சரி பண்ணிப்போட்டு ஒரு பல்ப் வைச்சு ரைமிங்கைப் புத்தகத்தில உள்ள டிகிரிக்கு வையுங்கோ. டிஸ்ரிபியூற்றரில இருக்கிற, ஸ்பார்க்கை முந்தி விழப்பண்ணுற வக்கூம் டயஃபிரம் கிழிஞ்சிருக்கோ எண்டு குழாயை வாயால உறிஞ்சிப் பாருங்கோ, உறிஞ்சினது நிக்காட்டி கிழிஞ்சது, அது கிழிஞ்சாலும் ஒரே வேகத்தில ஓடேக்கதான் சூடு கூடும், அதாவது உங்கட ஏ9 ரோட்டில.

கழட்டி எறிஞ்ச தேமோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கோ. அது இல்லாட்டி கிட்டத்துக்கு ஓடுற நேரமெல்லாம் எஞ்சின் குளிராவே ஓடித் தேயும். புதுசு வாங்கினா போட முதல் தண்ணிச் சட்டியில நூலில கட்டித் தொங்கவிட்டுச் சுடவைச்சுப் பாருங்கோ, 82 (டிகிரி) எண்டு அடிச்சிருந்தா அந்தச் சூட்டுக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கவேணும். ரேடியேற்றர் மூடியிலயும் கவனம், பழைய கார்களுக்கு 4 இல்லாட்டி 7 பி.எஸ்.ஐ (அமுக்க அளவு) மாதிரித்தான், கடையில 13 தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பழைய ரேடியேற்றர் வெடிக்கும்.

ரோட்டில கொதிச்சா உடன மூடியைத் திறக்காதேங்கோ, முகம் அவிஞ்சு போகும். வத்தின எஞ்சினுக்குள்ள பச்சைத்தண்ணியும் ஊத்தாதேங்கோ, புளொக் வெடிச்சா பேந்து ஏ40 புளொக்குக்கு எங்க போறது?

கேள்வி: என்ர மொறிஸ் மைனர் ரோட்டில நல்லா ஓடும், நல்லூர்த் திருவிழா நேரம் சனத்துக்குள்ள ஊரேக்கதான் கொதிக்கும். இதுக்கும் ரேடியேற்றர் அடைப்போ?
வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, உங்களுக்கு மற்றப் பக்கம். பெல்ற்றை நடுவில பெருவிரலால அமத்தினா அரை இஞ்சிக்கு மேல போனா இறுக்குங்கோ. ரேடியேற்றர்த் தகட்டுக்குள்ள பூச்சியும் புழுதியும் அடைஞ்சிருக்கும், எஞ்சின் பக்கமிருந்து முன்னுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, முன்னால இருந்து அடிச்சா இன்னும் உள்ளுக்குத்தான் போகும். வடிவுக்கு எண்டு கிறில்லுக்கு முன்னால லைற்றும் பலகையும் பூட்டியிருந்தா கழட்டுங்கோ. மைனருக்குக் கம்பெனி சூட்டு மீற்றர் குடுக்கேல்லை, ஒண்டு வாங்கிப் பூட்டினா ஆவி வர முதலே தெரியும்.

கேள்வி: மாருதி 800. கிழமைக்கு ஒருக்காத் தண்ணி குறையுது, கீழ ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. எங்க போகுது?
வாசகி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, முதல் காலடியில கார்ப்பெற் ஈரமோ எண்டு பாருங்கோ, ஹீற்றர் ஒழுகினா வெளியால தெரியாது. அது காய்ஞ்சிருந்தா ஹெட் காஸ்கற்றைத்தான் சந்தேகப்படவேணும். விடிய, எஞ்சின் குளிரா இருக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைச்சு ஸ்ராட் பண்ணுங்கோ, நிக்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தா சிலிண்டர் காத்துத் தண்ணிக்குள்ள வருது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காட்டி அதுவும் அதேதான். எண்ணெய் மூடியில பால் மாதிரி இருக்குது எண்டு மட்டும் பயப்படாதேங்கோ, கிட்டத்துக்கு மட்டும் ஓடுற காருக்கு அது சும்மாவும் வரும். ரேடியேற்றர் ஃபான் சூட்டுக்குத் தானா வேலை செய்யுதோ எண்டும் பாருங்கோ, சுவிச் பழுதாகி ஃபான் சுத்தாமல் ஒருநாள் கொதிச்சதாலதான் கனபேருக்கு காஸ்கற் போறது. இதின்ர ஹெட் அலுமினியம், கொதிச்சா வளையும். அதால காஸ்கற்றை மட்டும் மாத்தித் தாறன் எண்டு ஆராவது சொன்னா, ஹெட்டில நேர்விளிம்பு வைச்சுப் பாத்துத் தேவை எண்டா பிளேன் பண்ணி மட்டமாக்கின பிறகு பூட்டச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் தூரத்துக்குக் கொண்டு போகாதேங்கோ.