மூத்தவனை மறந்துவிட்டார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மூத்த மகன், இங்கே சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவையில் இருந்தபோது, ராணுவப் பயிற்சியில் இறந்துபோனான். தேசியக் கொடி போர்த்தி, ராணுவ மரியாதையோடு மண்டாய் தகனச்சாலையில் அனுப்பி வைத்தோம். "உங்கள் மகனை என்றும் மறக்க மாட்டோம்" என்று அன்றைக்கு எத்தனை பேர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்! இப்போது அவன் பெயரைச் சொல்லக்கூட ஆள் இல்லை. அவனோடு முகாமில் ஒரே அறையில் தூங்கிய பையன்கள் முதல் வருடத் திதிக்குக் கூட்டமாக வந்தார்கள். இந்த முறை இரண்டு பேர்தான். என் நாத்தனார் தன் மகனின் பயிற்சி நிறைவு அணிவகுப்புப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறாள். என் மனம் என்ன பாடுபடும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? என் கணவரோ மகனின் பூட்ஸையும் நம்பர் 4 என்கிற ராணுவப் பயிற்சிச் சீருடையையும் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். கேட்டால் பதில் இல்லை. சின்னவனும் அப்படித்தான், வாயே திறப்பதில்லை. அவனுக்கும் சேவையில் சேரும் தேதி வந்திருக்கிறது போல, போனில் தற்செயலாகப் பார்த்தேன், என்னிடம் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். அந்த நண்பர்கள் ஏன் வரவில்லை? பெற்றவளைத் தவிர எல்லோருமே மறந்துவிடுவார்களா?

ஒரு தாய், ஈசூன்

அன்புச் சகோதரி,

"அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கிடக்கவிட எனக்கு மனமில்லை.

நண்பர்கள், நாத்தனார், கணவர் எல்லோர்மேலும் உங்களுக்குக் குறை இருக்கிறது. ஆனால் வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தனக்கு வந்த தேதியைப் பெற்ற தாயிடமே சொல்லாமல் மறைத்துக்கொண்டு திரிகிறான். எதற்காக? நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்றுதான். அவனுக்கும் பயம் இருக்கும். அண்ணனைக் கொண்டுபோய்விட நீங்கள் எல்லோரும் சாங்கியிலிருந்து படகேறி, அடிப்படைப் பயிற்சி நடக்கும் தேக்கோங் தீவுக்குப் போனபோது அவனும் கூட வந்திருப்பானே. அண்ணன் நின்று போன வயதை அவன் சீக்கிரமே தாண்டப் போகிறான். அது எவ்வளவு பெரிய பாரம் தெரியுமா? அதைச் சொல்ல அந்த வீட்டில் அவனுக்கு இடமில்லை. உங்கள் துக்கம் அத்தனை இடத்தையும் எடுத்துக்கொண்டது. கடுமையாகப் படலாம், ஆனால் இப்போது சொல்லாவிட்டால் காலம் கடந்துவிடும்.

மறந்துவிட்டார்கள் என்கிறீர்களே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1967 முதல் இந்த ஊரில் ஆண்பிள்ளை உள்ள ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மகனைச் சேவைக்கு அனுப்பிவைக்கும் நாள் உண்டு. தன் மகனை அனுப்பிவிட்டு இருக்கும் தாய்க்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே பயம்; தனக்கும் நேர்ந்துவிடுமோ என்கிற பயம் அது. அந்தப் பையன்களும் இப்போது வேலை, குடும்பம் என்று ஆகியிருப்பார்கள். ஆனாலும் சேவை முடித்தவர்களைத் திரும்பக் கூப்பிடும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு வந்து அதே சீருடையை மறுபடி போடும்போது உங்கள் மகன் நினைவு வராமலா இருக்கும்? அவர்கள் நினைப்பதெல்லாம் உங்கள் வீட்டு வாசலில்தான் தெரிய வேண்டும் என்று இல்லையே. அப்புறம் உங்கள் கணவர். சீருடையைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார், தூக்கி எறியவில்லை. சின்னவனும் அதையே போடப் போகிறான், அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கலாம். கேளுங்கள், குற்றம் சாட்டாமல்.

இன்று இரவே சின்னவனிடம் பேசுங்கள். "தேதி வந்தது எனக்குத் தெரியும்பா, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். "போகாதே" என்று அழாதீர்கள். போவது சட்டம், அது அவன் கையில் இல்லை. அண்ணனோடு ஒப்பிடவும் வேண்டாம். பயமாக இருந்தால் தன் கமாண்டரிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடட்டும். ராணுவத்திலும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

அவன் சேரும் நாளில் நீங்களும் உங்கள் கணவரும் கூடப் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவன் தாங்குவான். நீங்கள் கூட வராமல் இருந்துவிட்டால்தான் தாங்க மாட்டான்.